‘புதிய உலக ஒழுங்கு’ என்னும் சொற்றொடர்

செய்தித்தாள்களிலும் சொற்பொழிவு மேடைகளிலும் இந்நாளிற் பெரிதும் பயின்று வரும் சொற்றொடர்களுள் ‘புதிய உலக ஒழுங்கு’ என்பதும் ஒன்று. வல்லரசுத் தலைவர் இருவர் கைகுலுக்கினும் அது பேசப்படுகின்றது. கைகுலுக்காது பிரியினும் அதுவே பேசப்படுகின்றது. போர் மூண்டால் பழைய ஒழுங்கு குலைந்தது என்பர். போர் ஓய்ந்தால் புதிய ஒழுங்கு பிறந்தது என்பர். இங்ஙனம் எவ்விடத்தும் பொருந்துவதாய்த் தோன்றும் சொல்லைக் குறித்து, அஃது எப்பொருளைத் தருகின்றது, யார் வாயில் எவ்வாறு வழங்கியது, எளிய மக்கள் வாழும் ஓர் ஊரில் அதன் பயன் யாதாயிற்று என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். அவ்வூர் எமது காரைக்காலேயாகும்.

முதற்கண் சொற்பொருளை நோக்குவோம். ‘ஒழுங்கு’ என்னும் சொல் ‘ஒழுகு’ என்பதனோடு உறவுடையது. நீர் ஒழுகுவதும், மனிதன் நெறியில் ஒழுகுவதும், வரிசையாய் நிற்கும் நிலையும் ஆகிய யாவும் அவ்வேரினின்றே கிளைத்தன. யாழ்ப்பாணத்துத் தமிழர் இருபுறமும் வேலி சூழ்ந்த சிறு தெருவை ‘ஒழுங்கை’ என்று வழங்குவர். அஃது எத்துணை அழகிய வழக்கு! ஆகவே தமிழில் ஒழுங்கு என்பது தானே அமைந்து இயல்பாய் நடைபெறுவதொன்றைக் குறிப்பதாகும். ஆங்கிலத்திலும் பிரெஞ்சு மொழியிலும் இதற்கு நேராய் வழங்கும் சொல்லுக்கோ இருபொருள் உண்டு. ஒன்று ஒழுங்கு, மற்றொன்று கட்டளை. அலுவலகத்தில் ‘ஆர்டர் வந்துவிட்டது’ என்று நம்மவர் கூறும்பொழுது கருதுவது இரண்டாவதையேயன்றி முதலாவதையன்று. மொழிபெயர்த்தோர் இனிய பொருளை ஏற்றுக் கொண்டு கடிய பொருளை மறுகரையிலேயே விட்டு வந்தனர். எனவே தமிழில் இச்சொற்றொடரைப் படிப்பவர்க்கு, யாரோ ஒருவர் கட்டளையிட, வேறு பலர் அதற்கேற்ப வரிசையில் நிறுத்தப்படுகின்றனர் என்னும் குறிப்புப் புலப்படுவதில்லை.

‘உலகம்’ என்னும் சொல்லும் ஆராய்தற்குரியது. நிலத்தையும் நிலத்து வாழ் மக்களையும் குறிக்கும் இச்சொல், சிலவிடங்களில் உயர்ந்தோரை மட்டுமே குறிக்கும் என்பது நம் உரையாசிரியர் கொள்கை. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரும் இப்பொருளை ஆண்டுள்ளார். அவர் கருதிய உயர்ந்தோர் அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தோர். இக்காலத்து ‘உலக ஒழுங்கு’ என்பதிலோ, படையாலும் பொருளாலும் உயர்ந்தோரே உலகமாகி விடுகின்றனர். பழைய இலக்கணக் குறிப்பொன்று இத்துணைப் பொருத்தமாய் வந்து வாய்ப்பது வியப்பேயன்றோ?

நிற்க. இச்சொற்றொடரின் வரலாற்றைத் தேடுவோர் பலர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒரு டாலர் நோட்டினின்று தொடங்குவர். அதில் ஒரு கூம்புக் கோபுரமும், அதன்மேல் ஒரு கண்ணும், கீழே ‘நோவுஸ் ஓர்தோ செக்லோரும்’ என்னும் இலத்தீன் தொடரும் காணப்படும். அதற்குப் ‘புதிய உலக ஒழுங்கு’ என்று பொருள் கூறுவது பிழை. ‘காலங்களின் புதிய ஒழுங்கு’ என்பதே அதன் நேர்ப்பொருள். உரோமப் புலவர் வெர்ஜில் இயற்றிய முல்லைப் பாட்டுக்களுள் நான்காவதனைத் தழுவி, சார்லஸ் தாம்சன் என்பார் 1782ஆம் ஆண்டில் அந்நாட்டு முத்திரைக்கென இத்தொடரை அமைத்தார். கோபுரத்தின் அடியில் உரோம எழுத்தாற் குறித்த 1776 என்பது அந்நாடு விடுதலை சாற்றிய ஆண்டு. நோட்டில் இம்முத்திரை இடம்பெற்றது 1935ஆம் ஆண்டிலேதான். எனவே அது தங்கள் நாட்டில் ஒரு புதிய காலம் பிறந்ததென்று மகிழ்ந்தோர் கூற்றேயன்றி, உலகையாளக் கருதியோர் கூற்றன்று.

அரசியற் சொல்லாக இஃது உரம்பெற்றது 1930களின் இறுதியிலாகும். 1938ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜப்பானியப் பிரதமர் கொனோயே ‘கிழக்காசியாவின் புதிய ஒழுங்கு’ என்பதனை அறிவித்தார். ஜெர்மனியின் நாஜிகள் ஐரோப்பாவிற்கெனத் தமது ‘புதிய ஒழுங்கு’ ஒன்றைப் பேசினர். அதே காலத்தில், 1940ஆம் ஆண்டு, ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் ‘புதிய உலக ஒழுங்கு’ என்னும் பெயராலேயே ஒரு நூல் வெளியிட்டார். அவர் வேண்டியது போரற்றதும் மனித உரிமை காப்பதுமாகிய ஓர் உலகம். ஒரே சொல்லைக் கொடுங்கோலரும் சமாதானம் விரும்பியவரும் ஒரே ஆண்டிற் கையாண்டமை காண்க.

கிழக்காசியப் புதிய ஒழுங்கு தமிழரை எவ்வாறு நடத்தியது என்பதை மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்தோர் அறிந்தனர். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை அமைத்தற்கென இரப்பர்த் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். காட்டுக் காய்ச்சலாலும் பேதியாலும் பசியாலும் அவருள் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுடைய கல்லறைகளுக்குப் பெரும்பாலும் பெயர்க்கல்லும் இல்லை. ‘ஒழுங்கு’ என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எமக்கு நினைவுக்கு வருவது அந்த இருப்புப்பாதையே.

போருக்குப் பின் இச்சொல் எளிய நாடுகளின் வாயிலும் ஒருமுறை ஒலித்தது. 1974ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ‘புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு’ ஒன்றனை நிறுவ வேண்டுமென அறிக்கை நிறைவேற்றியது. மூலப்பொருள் விற்று வாழும் நாடுகளுக்கு நியாய விலை வேண்டும், தம் மண்ணின் வளத்தின்மீது அவற்றிற்கே உரிமை வேண்டும் என்பது அதன் உட்கருத்து. அச்சிறப்புக் கூட்டத்தைக் கூட்டுமாறு வேண்டியவர் அல்ஜீரிய நாட்டுத் தலைவர் பூமெதியேன். அந்நாட்டின் பெயரை வாசகர் மறவாதிருப்பாராக. அஃது இக்கட்டுரையில் மீண்டும் வரும். அறிக்கை நிறைவேறியதேயன்றி, விலை கூறும் உரிமை இடம்பெயரவில்லை.

பின்னர் 1988ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சோவியத் தலைவர் கொர்பச்சேவ் ஐக்கிய நாடுகள் சபையிலும், 1990ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்கத் தலைவர் புஷ் தம் நாட்டுப் பேரவையிலும் இத்தொடரை எடுத்தாண்டனர். முன்னவர் பனிப்போர் நீங்கிய உலகைக் கருதினார். பின்னவர் குவைத்தைக் கவர்ந்த ஈராக்கை நாடுகள் ஒன்றுகூடி வெளியேற்றுவதைக் கருதினார். அதே வாரங்களில் குவைத்தில் பிழைப்பு நாடிச் சென்றிருந்த இந்தியர் ஏறத்தாழ 1,70,000 பேர், பாலைவழி கடந்து அம்மான் நகரை யடைந்து, பம்பாய் செல்லும் விமானத்திற்காகக் காத்து நின்றனர். தலைவர் வாயில் ஒழுங்கு, தொழிலாளர்க்கு வரிசை!

இனி, இச்சொல்லை அஞ்சுவோர் ஒரு சாரார் உளர். மறைவான ஒரு கூட்டத்தார் உலகனைத்தையும் ஓராட்சிக்கீழ் அடக்கச் சூழ்ச்சி செய்கின்றனர் என்றும், டாலர் நோட்டின் கண் அதற்கு அடையாளம் என்றும், வெளிப்படுத்தின விசேஷத்திற் கூறிய மிருகத்தின் ஆட்சி இதுவே என்றும் அவர் கூறுவர். கைப்பேசியில் வந்து குவியும் செய்திகளால் நம் சபைகளிலும் இவ்வச்சம் பரவியுள்ளது. ஆதலின் ஒரு சொல் கூறாது கடத்தல் தகாது. இக்கதையின் வேரிற் பழைய யூதப்பகை ஒன்று கிடக்கின்றது. யூத முதியோர் கூடி உலகாளத் திட்டமிட்டதாகக் கூறும் ‘நெறிமுறைகள்’ என்னும் நூல் பொய்யாய்ப் புனையப்பட்டதென 1921ஆம் ஆண்டிலேயே இலண்டன் ‘டைம்ஸ்’ இதழ் மெய்ப்பித்தது. மெய்ப்பித்த பின்னரும் அப்பொய் இலட்சக்கணக்கான உயிர்களை உண்டது. வேதாகமத்தைத் துணைக்கழைத்து அயலான்மேற் பொய்சாட்சி சொல்லுதல், அவ்வேதாகமத்தின் பத்துக் கற்பனைகளுள் ஒன்றை மீறுவதாகும் என்பதனை இவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மேலும், உலகை மாற்றுவோர் மறைவிடத்திற் கூடுகின்றனர் என்று எண்ணுவதே வரலாறறியாமையாகும். அவர் வெளிப்படையாகவே கூடினர்; உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டனர்; அவை அச்சாகி நூலகங்களில் உள்ளன. அவற்றிற் சிலவற்றில் எமது ஊரின் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றது. பெரிய சொல்லைச் சிறிய ஊரில் உரைத்துப் பார்த்தால் அதன் மாற்றுத் தெரியும் என்பது எம் கருத்து. ஆகவே இனிக் காரைக்காலுக்கு வருவோம்.

அரசலாறு கடலொடு கலக்குமிடத்தில், காவிரிக் கழிமுகத்து நெல்வயல்களின் நடுவே, ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் அமைந்தது காரைக்கால். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை 2,00,222. நிலவழியே மூன்று புறமும் தமிழ்நாடு சூழ்ந்திருக்க, ஆட்சியால் அது தொலைவிலுள்ள புதுச்சேரியைச் சார்ந்தது. வயலும் வாய்க்காலும் பேச்சும் ஒன்றாயிருக்க, எல்லைக்கோடு மட்டும் ஊரை வேறுபடுத்தியது ஏன் என்று வெளியூரார் வினவுவர். விடை தஞ்சையிலும் பாரிசிலும் உள்ளது.

1738ஆம் ஆண்டில் தஞ்சை மராத்திய மன்னர் சாகுஜி, பொருளுதவி கருதி, இவ்வூரைப் பிரெஞ்சுக் கவர்னர் துமாவிற்குத் தருவதாக இசைந்தார், பின் தயங்கினார். சந்தா சாகிப்பின் படைத்துணையால் 1739ஆம் ஆண்டில் ஊர் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது. இதன்பின் நடந்தவற்றை ஒரே மூச்சிற் சொல்லிவிடலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏழாண்டுப் போர் நிகழ, 1760ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் காரைக்காலைக் கைப்பற்றினர். 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் 1765இல் அது திரும்பியது. அமெரிக்க விடுதலைப் போரிற் பிரான்சு சேர, 1778இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர். 1783ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையால் 1785இல் மீண்டும் பிரெஞ்சுக் கொடி ஏறிற்று. பிரெஞ்சுப் புரட்சியின் விளைவாய்ப் போர் மூள, 1793இல் மூன்றாம் முறையும் ஆங்கிலேயர் வந்தனர். மனிதர் யாவரும் உரிமையிற் சமமாய்ப் பிறக்கின்றனர் என்று பாரிசு நகரம் முழங்கியதன் முதற்பயனாக எம் ஊருக்குக் கிடைத்தது 24 ஆண்டு ஆங்கில ஆட்சி! 1814ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் எழுதிய பாரிசு உடன்படிக்கை பழைய ஊர்களைப் பிரான்சுக்கு மீட்டளித்தது. ஆனால் அங்குக் கோட்டை கட்டலாகாது, ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவினும் மிகுந்த படை வைத்தலாகாது என்று விதித்தது. 1817ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஊர் கைமாறியது.

இவற்றுள் ஒருமுறையேனும் காரைக்காலில் வாழ்ந்தோர் கருத்தை எவரும் கேட்டாரிலர். கேட்க வேண்டுமென்று எண்ணியவரும் இலர். மேனாட்டுப் புலவர் 1815ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டை உலக ஒழுங்கிற்கு எடுத்துக்காட்டாகப் போற்றுவர். நூறாண்டு பெரும்போர் இன்றி ஐரோப்பா வாழ்ந்தது அதனாலே என்பர். இருக்கலாம். அவ்வொழுங்கிற் காரைக்கால் ஒரு சல்லிக்காசு. கணக்குத் தீர்க்கும்போது மேசைமேல் இங்குமங்கும் நகர்த்தப்பட்டது.

ஆயினும் உடன்படிக்கையால் வந்த மாற்றங்களினும் ஆழமாய் இவ்வூரைத் தாக்கியது வேறொரு மாற்றம். அதனை வரலாற்று நூல்கள் காரைக்காலின் வரலாறாக எழுதுவதில்லை. அட்லாண்டிக் கடலின் வரலாறாகவே எழுதுகின்றன. 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிரெஞ்சுக் குடியரசு தன் குடியேற்ற நாடுகள் அனைத்திலும் அடிமை முறையை ஒழித்தது. மானிட வரலாற்றில் நிலைத்து நிற்கத்தக்க செயல் அது என்பதில் ஐயமில்லை. மர்த்தினிக், குவாதலூப், ரெயூனியன் முதலிய தீவுகளில் விடுதலை பெற்ற கறுப்பர் பலர், தம்மை வருத்திய கரும்புத் தோட்டங்களை விட்டு நீங்கினர். ஆலை முதலாளிகட்குக் கை வேண்டியதாயிற்று. அக்கைகளை அவர் தேடிய இடங்களுள் ஒன்று சோழநாட்டுக் கடற்கரை.

ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆட்கள் கப்பலேற்றப்பட்டனர். ரெயூனியன் தீவிற்கு இந்தியக் கூலிகள் அதற்கு முன்னரே சென்றதுண்டு. மர்த்தினிக்கிற்கு 1853ஆம் ஆண்டிலும், குவாதலூப்பிற்கு 1854ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய நாளிலும் முதற் கப்பல்கள் சென்று சேர்ந்தன. பிரெஞ்சு ஊர்களில் மட்டும் ஆள் போதாமையால், 1861ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இங்கிலாந்தும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் சேர்க்கலாம்; புதுச்சேரியும் காரைக்காலும் கப்பலேறும் துறைகள். தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்கள், கடன்பட்டோர், மழை பொய்த்து உணவற்றோர் எனப் பலரும் எல்லை கடந்து காரைக்காலுக்கு வந்தனர். 1880களில் பிரிட்டிஷ் இந்திய அரசு இவ்வாள்சேர்ப்பைத் தடுக்கும்வரை மர்த்தினிக்கிற்கு ஏறத்தாழ 25,000 இந்தியரும், குவாதலூப்பிற்கு ஏறத்தாழ 42,000 இந்தியரும் சென்றனர். அவருள் மிகப் பலர் தமிழ் நிலத்தவர்.

இங்கே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். ஒரு கடலில் அடிமைச் சங்கிலி அறுந்தது. அதன் ஓசை அடங்குமுன் மற்றொரு கடலிற் பெருவிரல் இரேகை ஒப்பந்தம் பிறந்தது. இரண்டும் ஒன்றென யாம் கூறவில்லை. ஒப்பந்தத்திற்கு முடிவு நாளும் கூலியும் திரும்பும் வழியும் ஏட்டளவிலேனும் இருந்தன. ஆனால் விடுதலையை எழுதிய பேனாவும் ஒப்பந்தத்தை எழுதிய பேனாவும் ஒரே அரசின் மேசையில் இருந்தவை. ‘புதிய ஒழுங்கு’ என்னும் சொல் எந்த இடத்தில் நின்று பேசப்படுகின்றது என்பதை வினவாமல் அதனை நன்றென்றோ தீதென்றோ கூறவொண்ணாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாம் அறிந்ததில்லை.

சென்றோர் முற்றும் மறைந்து விட்டாரல்லர். அத்தீவுகளில் மாரியம்மன் ‘மாலியெமேன்’ ஆனாள். ரெயூனியன் தீவில் தமிழ் வழியினரை இன்றும் ‘மலபார்’ என்றே அழைக்கின்றனர். தமிழ்நிலத்தார்க்கு மலையாளக் கரையின் பெயர் வாய்த்தது மாலுமிகள் செய்த குழப்பம். குவாதலூப்பிற் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பார், இந்திய வழியினர்க்கும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் உண்டென்று 1904ஆம் ஆண்டு தொடங்கி வழக்காடி 1923ஆம் ஆண்டில் வெற்றி கண்டார். ஒப்பந்தச் சீட்டோடு சென்றோரின் மைந்தர் அதே அரசின் சட்ட நூலைத் திறந்து காட்டி உரிமை கேட்டனர்.

இவ்விடத்திற் பிரெஞ்சு ஆட்சிக்கு உரியதையும் கூறுதல் நேர்மை. 1871ஆம் ஆண்டு முதல் பாரிசுப் பாராளுமன்றத்திற்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தனுப்பும் உரிமை பிரெஞ்சிந்தியர்க்கு இருந்தது. அண்டையிலிருந்த தஞ்சை மக்கட்கு அக்காலத்தில் அத்தகைய உரிமை கனவிலும் இல்லை. 1881ஆம் ஆண்டுச் சட்டத்தால், குலவழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்போர் குடியுரிமை முழுதும் பெறலாயினர். அவர் குடும்பப் பெயரொன்றும் பூண்டனர். இவ்வாறு உரிமை பெற்றோர் பலர் சைகோன் நகரில் அலுவலராகவும் படைவீரராகவும் பணியாற்றினர். எனினும் தேர்தல்களில் நடந்த அடிதடியும் வாக்குத் திருட்டும் பேர்போனவை. உரிமை ஏட்டில் ஒருவகை, பெட்டியில் ஒருவகை.

இனி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வருவோம். 1940ஆம் ஆண்டில் பிரான்சு ஜெர்மனிக்குப் பணிந்தபோது, பிரெஞ்சிந்தியக் கவர்னர் பொன்வேன் தளபதி தெ கோலின் பக்கம் சார்ந்தார். போர் முடிந்தது. 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. காரைக்காலிற் பிரெஞ்சுக் கொடியே பறந்தது. மக்கள் வாக்கால் முடிவு செய்வதென 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இரு அரசுகளும் இசைந்தன. சந்திரநாகூரில் 1949ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அவ்வாக்கெடுப்பு நடந்து, பெரும்பான்மையோர் இந்தியாவை நாடினர். ஏனைய ஊர்களில் அது நடைபெறவில்லை. சுங்கச் சாவடியும் அனுமதிச் சீட்டும் நெருக்கடியும் வளர்ந்தன.

முடிவு வந்த திசையோ வியட்நாம். 1954ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் தியேன் பியேன் பூ என்னுமிடத்திற் பிரெஞ்சுப் படை தோற்றது. ஜூன் மாதத்தில் மாந்தேஸ் பிரான்ஸ் பிரதமரானார்; ஜூலையில் ஜெனீவா உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்பின் நான்கு சிற்றூர்களைப் பற்றிக்கொண்டிருக்க அவ்வரசு விரும்பவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், புதுச்சேரிக்கருகில் கீழூர் என்னும் சிற்றூரில், புதுச்சேரி காரைக்கால் ஆகிய பகுதிகளின் சட்டமன்ற நகரமன்ற உறுப்பினர் 178 பேர் கூடினர். இந்தியாவோடு இணைதற்கு 170 பேரும், எதிராக 8 பேரும் வாக்களித்தனர். மூன்று நாட் கழித்து புதுதில்லியில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது.

1739 முதல் 1954 வரை 215 ஆண்டுகளில், எந்நாட்டோடு இருப்பதென்னும் வினா காரைக்காலின் சார்பாளர்முன் வைக்கப்பட்டது அதுவே முதன்முறை. குடிகள் அனைவரும் வாக்களிக்கவில்லை, சார்பாளர் மட்டுமே வாக்களித்தனர் என்று குறை கூறுவோர் உளர். அக்குறை உண்மையே, சந்திரநாகூரார் பெற்றதைக் காரைக்காலார் பெறவில்லை. ஆயினும் பாரிசிலும் வெர்சாயிலும் பூட்டிய அறைகளில் நடந்தவற்றோடு ஒப்பிட, அந்த 8 எதிர்வாக்குகளே எமக்கு மிக்க மதிப்புடையனவாய்த் தோன்றுகின்றன. ‘வேண்டா’ என்று சொல்ல இடமிருந்தது என்பதற்கு அவை சான்றன்றோ?

ஆட்சி கைமாறிய அந்நாள் திருச்சபையிற் சகல பரிசுத்தவான்களின் திருநாள். அதே நாள் விடியலில், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. ஒரு கடற்கரையிற் கொடி அமைதியாய் இறங்கிய அதே நாளில் மற்றொரு கடற்கரையிற் குண்டு முழங்கியது. இவ்வொற்றுமை தற்செயல். பின் நடந்ததோ தற்செயலன்று. காரைக்காலை இந்தியாவிற்கு முற்றாய் வழங்கும் உடன்படிக்கை 1956ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் கையெழுத்தாயிற்று. ஆனால் பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதனை உறுதிப்படுத்தாமல் ஆறாண்டு காலம் தாழ்த்தியது. ஒரு நிலத்தை விட்டுக்கொடுத்தோம் என்று சட்டமியற்றினால், அல்ஜீரியாவை மட்டும் எவ்வாறு மறுப்பது என்னும் அச்சமே அதற்குப் பெருங்காரணம். 1962ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் அல்ஜீரியா விடுதலை எய்தியது. அதே ஜூலை மாதத்திலேயே பிரெஞ்சுப் பாராளுமன்றம் எமது உடன்படிக்கையை ஏற்றது. ஆகஸ்டு 16ஆம் நாள் ஓலைகள் மாற்றிக் கொள்ளப்பட்டன.

இடைப்பட்ட எட்டாண்டில் காரைக்காலார் நிலை விந்தையானது. வரி வாங்கியதும் காவல் செய்ததும் இந்திய அரசு. சட்டத்தின் கண்ணில் நிலமோ இன்னும் பிரான்சுக்குரியது. இதனை விளக்கவே ‘தெ ஃபாக்தோ’, ‘தெ ழூரே’ என்னும் இரு இலத்தீன் தொடர்கள் எம்மூர் வழக்கில் நுழைந்தன. முன்னது நடைமுறையில் ஆவது. பின்னது சட்டப்படி ஆவது. வேறு ஊர்களில் வழக்கறிஞர் மட்டுமே அறிந்த இச்சொற்கள் இங்கு அரசு விடுமுறைப் பட்டியல் வரையில் எட்டிவிட்டன. உடன்படிக்கை நடப்பிற்கு வந்தபின், பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்க விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுதித் தர வேண்டும் என்றும், ஏனையோர் இந்தியக் குடிகளாவர் என்றும் விதிக்கப்பட்டது. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்னும் நிலை இதனால் நேர்ந்தது. உலகம் மாறியது என்று ஏடுகள் எழுதியதை இவர்கள் அறுமாதத் தவணையுள்ள ஒரு படிவமாகவே கண்டனர்.

பெரிய சொற்களைக் கேட்டு மகிழ்வோரையும் நடுங்குவோரையும் நோக்கி யாம் வேண்டுவது இவ்வளவே: அச்சொல் எந்தப் படிவமாய் எவர் கையில் வந்து சேர்கின்றது என்று பாருங்கள். இன்று ‘பன்முனை உலக ஒழுங்கு’ என்றும், ‘விதிவழிப்பட்ட ஒழுங்கு’ என்றும் புதிய அடைமொழிகள் தோன்றியுள்ளன. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் புதுதில்லியிற் கூடிய இருபது நாட்டவர் பேரவையில் ஆப்பிரிக்க ஒன்றியம் உறுப்பினராய்ச் சேர்க்கப்பட்டது. கேட்கப்படாதோர் நாற்காலி பெற்றனர் என்ற அளவில் அஃது ‘ஒழுங்கு’ என்னும் தமிழ்ச்சொல்லின் பொருளுக்குச் சிறிது அணுகி வந்ததெனலாம். ‘விதிவழி’ என்பதைப் பற்றியோ, விதியை எழுதியோர் அதற்குத் தாமும் கட்டுப்படுகின்றனரா என்பது தெரிந்த பின்னரே கூறக்கூடும்.

காரைக்காலின் தெற்கே வாஞ்சூர்க் கரையில் 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட துறைமுகத்தில் இன்று கடல்கடந்து நிலக்கரி வந்திறங்குகின்றது. முன்பு ஆட்கள் ஏறிச் சென்ற கரையில் இப்பொழுது கரி இறங்குகின்றது. ஊரின் நாட்காட்டியிலோ இரு நாட்கள் நிலைத்துவிட்டன. நவம்பர் 1ஆம் நாளை விடுதலை நாள் என்றும், ஆகஸ்டு 16ஆம் நாளைச் சட்டமுறைக் கைமாற்ற நாள் என்றும் புதுச்சேரி அரசு கொண்டாடுகின்றது. அல்ஜீரியரும் தம் போர் தொடங்கிய நவம்பர் 1ஆம் நாளையே நாட்டு விழாவாகக் கொண்டுள்ளனர்.